பிரேக்கின் உராய்வு ஒலி: காரணம் அறிவோம், காலத்தே சரிசெய்வோம்

காருக்குக் கடன் பெறும்போது வட்டி, தவணை, காப்பீடு ஆகிய அனைத்தையும் கணக்கிட்டுப் பார்க்கிறோம். வாங்கிய பின்பு அதன் பராமரிப்பை அதே கவனத்துடன் நோக்குவோர் நம்மில் சிலரே. குறிப்பாக, பிரேக் பிடிக்கும்போது எழும் ஒலியைப் பலரும் 'அடுத்த சர்வீசில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த ஒலிகளுள் சில தீங்கற்றவை. சில உடனே வண்டியை நிறுத்தச் சொல்பவை. இரண்டையும் பிரித்தறியும் முறையை இவ்விதழில் காண்போம்.

பிரேக் எவ்வாறு இயங்குகிறது?

ஓடும் காரின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகப் பெருகுகிறது. அவ்வளவு ஆற்றலையும் சில நொடிகளில் ஏற்க வேண்டியவை உள்ளங்கையளவே உள்ள பிரேக் பேடுகள்.

நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் அமைந்திருக்கின்றன. டிஸ்க் பிரேக்கில், சுழலும் இரும்புத் தட்டை இரு பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. டிரம் பிரேக்கில், பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து உருளையின் உட்சுவரை அழுத்துகின்றன. பேடு, ஷூ ஆகிய இரண்டிலும் எஃகுத் தகட்டின்மேல் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். தேய வேண்டியது இப்பொருளே, தகடு அன்று.

கீச்சொலியும் கரகரப்பும்

பல பேடுகளில் சிறிய உலோக நாக்கு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. உராய்வுப் பொருள் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறையும்போது, அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கூர்மையான கீச்சொலியை எழுப்புகிறது. பேடை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கான முன்னறிவிப்பு இது. இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் உராய்வுப் பொருள் முற்றிலும் தேய்ந்து, எஃகுத் தகடு டிஸ்க்கின்மேல் நேராக உரசத் தொடங்கும். அப்போது எழுவதே கரகரவென அரைக்கும் ஒலி. இந்நிலையில் வண்டி நிற்க அதிகத் தொலைவு பிடிக்கும். டிஸ்க்கில் பள்ளங்கள் விழும். வெப்பம் பிரேக் ஆயில் வரை பரவும்.

ஒலி எப்போது எழுகிறது?

நோயறிதலின் முதற்படி, ஒலி எழும் நேரத்தைக் கவனிப்பதாகும்.

1. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் சில முறை மட்டும் உரசல் கேட்டு, பின்னர் மறைந்தால், டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துருவே காரணம். அஞ்சத் தேவையில்லை.

2. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அரைக்கும் ஒலி கேட்டால், பேடோ ஷூவோ தகடுவரை தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. தொடர்ந்து ஓட்டலாகாது.

3. பிரேக்கைத் தொடாமலேயே உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தடுப்புத் தகட்டுக்கும் இடையே சிறுகல் சிக்கியிருக்கலாம். அல்லது கேலிப்பரின் ஊசிகள் துருவேறி இறுகியிருக்கலாம். இறுகியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்தச் சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறும்.

4. வளைவுகளில் திரும்பும்போது மட்டும் இரைச்சல் கூடிக் குறைந்தால், சக்கரத்தின் பேரிங்கையும் சோதிக்க வேண்டும்.

5. திடீரென அழுத்திப் பிடிக்கும்போது மிதி துடித்து, அடியில் கடகடவென ஒலித்தால், அது ஏபிஎஸ் அமைப்பின் இயல்பான செயல். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அச்சமயம் மிதியிலிருந்து காலை எடுக்கக் கூடாது.

சரிசெய்யும் முறை

பல அலாய் சக்கரங்களின் இடைவெளி வழியே டார்ச் விளக்கடித்தால் வெளிப்புறப் பேடின் தடிமன் தெரியும். ஆயினும் உட்புறப் பேடு முன்னதாகத் தேய்ந்திருக்கக்கூடும். எனவே சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே முறை. புதிய பேடின் உராய்வுப் பொருள் பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றிவிடுவது நன்று. ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் பிரேக் சமனற்றுப் பிடிக்கும். ஆதலால் ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிஸ்க்கில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பின் அதன் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே சென்றுவிட்ட டிஸ்க்கைக் கடைந்து பயன்படுத்தக் கூடாது, மாற்றவே வேண்டும். கேலிப்பர் ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் இடுவதையும் மறக்கலாகாது. பேடின்மேலோ டிஸ்க்கின்மேலோ கிரீசும் எண்ணெயும் படவே கூடாது. பிரேக் தூசியை வாயாலோ காற்றழுத்தத்தாலோ ஊதுதல் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை குறைந்து, மலைப்பாதை இறக்கத்தில் மிதி மெத்தென அமிழ்ந்துவிடும். எனவே கார்க் கையேடு கூறும் காலத்தில் அதை மாற்றுங்கள். நீண்ட இறக்கங்களில் தாழ்ந்த கியரில் இறங்கினால் பிரேக்கின் சுமை குறையும்.

செலவும் சிக்கனமும்

கீச்சொலி கேட்டவுடன் சென்றால் பேடின் விலையோடு செலவு முடியும். கரகரப்பு வரும்வரை காத்திருந்தால் டிஸ்க்கின் விலையும், சில வேளைகளில் கேலிப்பரின் விலையும் சேர்ந்துகொள்ளும். இயல்பான தேய்மானத்தை வாகனக் காப்பீடு ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பாகங்களின் பெயர் குறித்த ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

மாதந்தோறும் தவணைக்குப் பணம் ஒதுக்குவதுபோல் பராமரிப்புக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்போம். அப்போது 'கையில் பணமில்லை' என்ற காரணத்தால் பிரேக் பழுதைத் தள்ளிப்போடும் நிலை நமக்கு நேராது.