கொதிநீரும் நேர்கோடும்

பெங்களூரில் நல்லதோர் உஷ்ணமானியைக் கொதிக்கும் தூய நீரின் ஆவியில் பிடித்தால், அது 100 டிகிரி செல்சியஸ் காட்டுவதில்லை. ஏறத்தாழ 97 டிகிரியில் நின்றுவிடுகிறது. கருவி பழுதுபட்டது எனக் கருதி அதனை ஒதுக்கிவிடுதல் தவறாகும். இந்நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் மேலே அமைந்துள்ளது. உயரம் மிகுந்தால் காற்றழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழ்கிறது.

ஓர் அளவின் ஒவ்வொரு மதிப்பிற்கும் மற்றோர் அளவின் ஒரே மதிப்பு அமையுமாயின், பின்னதை முன்னதன் சார்பு என்கிறோம். இங்குக் கொதிநிலை உயரத்தின் சார்பு. 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் குறைகிறது எனக் கொள்வது நடைமுறைக்குப் போதுமானது. உயரத்தை 'உ' என்றும், கொதிநிலையை 'க' என்றும் குறித்தால்,

க = 100 − (உ ÷ 300)

என்னும் சமன்பாடு கிடைக்கும்.

கட்டத்தாளில் உயரத்தைக் கிடை அச்சிலும், கொதிநிலையைச் செங்குத்து அச்சிலும் கொள்க. (0, 100), (900, 97), (1500, 95) ஆகிய புள்ளிகளைக் குறித்து இணைத்தால், வலப்புறம் தாழ்ந்து செல்லும் நேர்கோடு தோன்றும். அதனை நீட்டி, சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்திற்குரிய கொதிநிலையைப் படித்தால், அது 92.5 டிகிரி அளவில் இருப்பதைக் காணலாம். அங்குத் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவதன் காரணமும் இதுவே.

இதே கோட்டைத் திருப்பியும் படிக்கலாம். ஓரிடத்தில் நீர் 95 டிகிரியில் கொதித்தால், 95 = 100 − (உ ÷ 300); ஆகவே உ = 1,500 மீட்டர். 1866ஆம் ஆண்டில் லாசா நகரை அடைந்த பண்டித நயின் சிங், நீரின் கொதிநிலையை அளந்தே அந்நகரின் உயரத்தைக் கணித்தார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கோட்டின் சரிவு மிகச் சிறியது. ஆதலால் வெப்பநிலையை அரை டிகிரி தவறாகப் படித்தால், உயரத்தில் 150 மீட்டர் பிழை நேரும். வானிலைக்கேற்பக் காற்றழுத்தமும் நாள்தோறும் சிறிது மாறும். மேலும், உண்மையான வரைகோடு சற்றே வளைந்தது. நம் நேர்கோடு அதன் தோராயமேயாகும்.

ஆசிரியர்கள் தம் ஊரின் உயரத்தை அறிந்து, அதற்குரிய கொதிநிலையை மாணவரை முதலில் கணிக்கச் செய்து, பின்னர் அளந்து காட்டுவாராக. கணக்கிற்கும் அளவிற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதே இப்பாடத்தின் பெரும்பயனாகும்.