விலைத் தரவுச் சேகரிப்பில் உலாவித் தானியக்கக் கருவிகள்

மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியெண்ணைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட இக்குறியெண்ணுக்கு 88 மையங்களைச் சேர்ந்த 317 சந்தைகளில் சில்லறை விலைகள் திரட்டப்படுகின்றன. கடைக்கு நேரிற் சென்று, விலையைக் கேட்டுக் குறித்து வருவதே விலைத் திரட்டலின் நெடுநாளைய வழக்கமாகும். ஆயினும், மளிகைப் பொருள் முதல் விமானப் பயணச்சீட்டு வரை இணையத்தில் விற்பனையாகும் இந்நாளில், இணையப் பக்கங்களிலிருந்து விலைகளைத் தானியக்கமாகத் திரட்டும் முறையையும் புள்ளியியல் மாணவர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இம்முறையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது அர்ஜென்டினாவின் அனுபவம் எனலாம். அந்நாட்டின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றின் இணையதளத்திலிருந்து 2007 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை பொருளியலறிஞர் அல்பெர்ட்டோ கவாலோ திரட்டிய விலைகள், ஆண்டுக்குச் சுமார் 20 விழுக்காடு பணவீக்கத்தைக் காட்டின. அரசின் கணக்கோ சுமார் 8 விழுக்காடு என்றது. அரசுப் புள்ளிவிவரங்களின் குறைபாட்டிற்காகப் பன்னாட்டு நிதியம் 2013 பிப்ரவரியில் அந்நாட்டைக் கண்டித்தது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் 2014 முதல் மூன்று பல்பொருள் அங்காடிகளின் இணையதளங்களிலிருந்து சோதனை முறையில் விலைகளைத் திரட்டியது.

தொடக்க காலத்தில் இணையப் பக்கம் ஒரு அச்சிட்ட தாளைப் போன்றது. வேண்டுகோள் அனுப்பினால் விலையும் பெயரும் அடங்கிய முழுப் பக்கமும் வந்து சேரும். அதிலிருந்து விலையைப் பிரித்தெடுக்கச் சிறு நிரல் ஒன்று போதும். இன்று பெரும் விற்பனைத் தளங்களுட் பல வெற்றுச் சட்டத்தை மட்டுமே முதலில் அனுப்புகின்றன. உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இயங்கிய பின்னரே அச்சட்டத்தில் விலை நிரப்பப்படுகிறது. ஆகவேதான் மனிதருக்குப் பதிலாக உலாவியைத் திறந்து, சொடுக்கி, படிக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் செலீனியம், பப்பெட்டியர், பிளேரைட் ஆகிய மூன்றும் முதன்மையானவை. மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள்.

செலீனியம் 2004இல் தோன்றியது. அது பயன்படுத்தும் வெப்டிரைவர் நெறிமுறை 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. ஜாவா, பைத்தான், ரூபி எனப் பல மொழிகளில் இதற்கு நிரல் எழுதலாம். நிரல் எழுதியவர் மாறுதலாகிச் சென்ற பின்னும் பணி தொடர வேண்டிய அலுவலகத்திற்கு, நெறிமுறையின் இந்த நிலைபேறு சிறிய நன்மையன்று. 2017இல் கூகுளின் குரோம் குழுவினர் வெளியிட்ட பப்பெட்டியர், குரோம் உலாவியை மிக நெருக்கமாக ஆள்வது. ஆயின் அதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே. பப்பெட்டியரை உருவாக்கியோருட் சிலர் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற் சேர்ந்து 2020இல் வெளியிட்டது பிளேரைட். குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூவகை உலாவிகளையும் ஒரே நிரலால் இயக்குவதோடு, பைத்தான் முதலிய மொழிகளுக்கும் இடமளிக்கிறது.

வேகம், நினைவகச் செலவு ஆகியன பற்றி நிரலாளர்கள் மிகுதியாக வாதிடுவதுண்டு. நாளொன்றுக்குச் சில நூறு விலைகளைத் திரட்டும் அலுவலகத்திற்கு அவை பெரிய பொருட்டல்ல. கருவி எவ்வாறு காத்திருக்கிறது என்பதே புள்ளியியலாளர் கவனிக்க வேண்டுவது. பக்கத்தில் விலை தோன்றும் வரை எவ்வளவு நேரம், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைச் செலீனியத்தில் நிரலாளரே எழுதியாக வேண்டும். பழக்கமில்லாதவர் ‘ஐந்து நொடி பொறு’ என்று எழுதிவிடுவார். இணைப்பு மெதுவான நாளில் ஆறாம் நொடியில் வரும் விலை விடுபட்டுப் போகும். பிளேரைட்டோ, ஒரு பொத்தானைச் சொடுக்குமுன் அது கண்ணுக்குப் புலப்பட்டு, அசையாது நின்று, சொடுக்கத் தக்கதாகும் வரை தானே காத்திருக்கும். குறித்த நேரத்திற்குள் அந்நிலை வாராவிடின் பிழை என்று அறிவித்து நிற்கும்.

இவ்வசதியினால் பிளேரைட் தவறே செய்யாது என்று கொள்ளலாகாது. துவரம் பருப்பின் விலையைக் காட்டும் பக்கம் ஒன்றைக் கருதுக. முதலில் ஏதோ ஒரு நகரத்தின் விலை தோன்றுகிறது. அஞ்சல் குறியீட்டு எண் ஏற்கப்பட்ட பின், அதே இடத்தில் வேறொரு விலை வந்தமர்கிறது. கருவி காத்திருப்பது அந்த இடம் பக்கத்தில் தோன்றும் வரையே. அங்குள்ள எண் சரியானதா என்பதை அது அறியாது. விலை விடுபட்டால் பட்டியலில் வெற்றிடம் தெரியும். பிற நகரத்து விலை நுழைந்தாலோ எவர் கண்ணிலும் படாமல் குறியெண்ணில் கலந்துவிடும். எனவே, எக்கருவியாயினும் விலையுடன் அப்போது பக்கத்திற் காட்டப்பட்ட அஞ்சல் குறியீட்டு எண்ணையும் நேரத்தையும் படித்துப் பதிவு செய்யுமாறு நிரல் அமைதல் வேண்டும். அவ்வெண் நாம் கேட்ட எண்ணுடன் பொருந்தாவிடின் விலையைத் தள்ளிவிட வேண்டும். பக்கத்தின் படத்தையும் சேமித்து வைத்தல் நலம். மூன்று கருவிகளும் அதற்கு வழி செய்கின்றன.

கருவியைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வேளாண் விளைபொருள்களின் மண்டி விலைகளை அக்மார்க்நெட் தளமும், பல துறைகளின் தரவுகளை 2012இல் தொடங்கிய திறந்த அரசுத் தரவுத் தளமும் வழங்கி வருகின்றன. பதிவிறக்கிக் கொள்ளத் தக்க தரவுக்கு உலாவியை இயக்குவது வீண் வேலை. தனியார் தளங்களைப் பொறுத்தவரை, உரியவரின் அனுமதியின்றிக் கணினி அமைப்பிலிருந்து தரவை எடுத்தல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுக்கு உரியதாகலாம். புள்ளியியல் சேகரிப்புச் சட்டம் 2008 உரிய அலுவலருக்குத் தகவல் கேட்டுப் பெறும் அதிகாரத்தை அளித்திருக்க, ஒரு மடல் எழுதுவதற்கு மாறாக நிரல் எழுதும் ஆர்வம் சில அலுவலகங்களில் ஏன் மேலோங்குகிறது என்பது எனக்கு விளங்குவதில்லை.

அனுமதியுடன் பணி தொடங்கிய பின்னும் முதற் சில மாதங்களுக்குக் கள அலுவலரின் விலைப் பட்டியலும் கருவியின் பட்டியலும் இணையாகத் தொடர வேண்டும். ஒரு பொருளின் விலை பல வாரங்கள் சிறிதும் மாறாதிருப்பின், விலை நிலையாக உள்ளதாகக் கொள்ளாமல், தளத்தின் அமைப்பு மாறி நிரல் பழைய எண்ணையே திரும்பத் தருகிறதா என்று அலுவலர் ஒருவர் அப்பக்கத்தைத் தாமே திறந்து பார்த்தல் வேண்டும்.