செடி விளக்கு: கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

தூத்துக்குடி துறைமுகப் பக்கம், உப்புக்காற்றுக்குப் பயந்து கீரையையும் புதினாவையும் வீட்டுக்குள் வைத்து எல்.இ.டி. விளக்கு மாட்டுகிறவர்கள் முதலில் கணக்குப் போடுங்கள்.

1. அடாப்டரில் சிறிய எழுத்தில் உள்ள வாட் அளவைப் பாருங்கள். பெட்டி முகப்பிலுள்ள ‘1,000 வாட்’ பெரும்பாலும் பழைய வகை விளக்குக்கு இணையான வெளிச்சம்தான். இழுக்கும் மின்சாரம் அல்ல.

2. வாட்டை, எரியும் மணி நேரத்தாலும் 60 நாளாலும் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே. 40 வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் 28.8 யூனிட்.

3. சராசரி விலை வேண்டாம். பழைய பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன கட்டணமோ, அதால் பெருக்குங்கள். இலவச 100 யூனிட்டை ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே முடித்திருக்கும். மொத்தம் 500-ஐத் தாண்டுமானால் மிகவும் கவனம்: 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். விளக்கைவிட இந்த அடிதான் பெரிது.

4. டைமர் மாட்டுங்கள். விடிய விடிய எரிந்தால் விளக்கின் செலவு இரட்டிப்பு. செடிக்கும் இருட்டு தேவை.

விளக்கு வாங்கும் முன், கிழக்கு ஜன்னலோரம் சில வாரம் வைத்துப் பாருங்கள். நம்மூர் வெயிலுக்கு மீட்டர் ஓடாது.