பெல்லட் அடுப்பு லாபமா? எக்ஸெல்லில் கணக்கிடுவோம்

அமெரிக்காவில் மரத்தூள் பெல்லட்டையும் மக்காச்சோள மணியையும் எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். மடத்துக்குளம் பக்கம் மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. நமக்குத் தேவை சமையலும் குளிக்க வெந்நீரும்தான். அதற்கும் பெல்லட் அடுப்பு வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவான, சிறு மின்விசிறி கொண்ட 'ஊர்ஜா' அடுப்பை 2006 முதல் பிபி நிறுவனம் தமிழகத்திலும் விற்றது. பெல்லட் விலை ஏறியதும் பலர் அதை ஓரங்கட்டினர். எனவே வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏ1 முதல் இ1 வரை எரிபொருள், கிலோ விலை, கிலோ கலோரி, திறன், செலவு எனத் தலைப்பிடுங்கள். இரண்டாம் வரிசையில் பெல்லட்: தோராயமாக 4000, திறன் 0.5. மூன்றாம் வரிசையில் கேஸ்: 11000, 0.65. சிலிண்டர் விலையை 14.2-ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும். இ2 செல்லில் =பி2/(சி2*டி2)*1000 என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும்; பிறகு இ3 வரை இழுத்து விடவும். பாத்திரத்துக்குள் சேரும் 1000 கிலோ கலோரிக்கு ஆகும் செலவு இது.

இந்தக் கணக்குப்படி ஒரு சிலிண்டர் சூட்டுக்கு 51 கிலோ பெல்லட் வேண்டும். சிலிண்டர் விலையை 51-ஆல் வகுங்கள். பெல்லட் கிலோ விலை அதைத் தாண்டினால் வாங்காதீர்கள். (தென்னை மட்டை சும்மா கிடைக்கும் தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த ஷீட்டே தேவையில்லை!) மழைக்காலத்தில் பெல்லட் ஈரம் இழுத்திருந்தால் சி2-வில் 4000-க்குப் பதில் 3500 போட்டுப் பார்க்கவும்.