தென்கிழக்கு ஆசியாவும் வட்டாரக் கூட்டுறவும்

1947-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் தில்லிப் புராணா கிலாவில் ஆசிய உறவு மாநாடு தொடங்கிற்று. நம் நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள்களே இருந்த காலம் அது. சரோஜினி நாயுடு அம்மையார் தலைமை தாங்கினார். அங்கு ஆராயப்பெற்ற பொருள்களுள் ஒன்று, அந்நியர்க்கு அடிமைப்பட்ட பொருளாதாரத்தைத் தேசியப் பொருளாதாரமாக மாற்றுவது எங்ஙனம் என்பது.

விடுதலை பெற்ற நாடுகள் பலவும் இதற்குக் கண்ட விடை, சுங்கச் சுவர் எழுப்பி உள்நாட்டுத் தொழிலைக் காப்பது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் பின்னாளில் வேறொரு விடை கண்டன. அண்டை நாடுகளோடு கூடி நின்றாலே தேசியப் பொருளாதாரம் தழைக்கும் என்பதே அது. அவ்விடையின் வலிமையையும் எல்லையையும் ஈண்டுக் காண்போம்.

1. மாற்றம் முன்னது, சேர்க்கை பின்னது

1967 ஆகஸ்டு 8-ஆம் நாள் பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஆசியான் அமைப்பை நிறுவின. வியட்நாம் அன்று போர்க்களமாக இருந்தது. பின்னர் 1978-இல் அது கம்போடியாவினுள் படை செலுத்தியது. அதனால் ஆசியான் நாடுகளின் பகையைத் தேடிக்கொண்டது.

அந்நாட்டின் மாற்றம் உள்ளிருந்தே பிறந்தது. விலைவாசி கட்டுக்கடங்காது ஏறிய நிலையில், 1986 டிசம்பரில் ஆளுங்கட்சி ‘தோய் மோய்’ என்னும் சீரமைப்பைத் தொடங்கிற்று. 1988-இல் சாகுபடிப் பொறுப்பு கூட்டுப் பண்ணைகளிடமிருந்து உழவர் குடும்பங்களுக்கு மாறிற்று. மறு ஆண்டே வியட்நாம் அரிசியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. அதே 1989-இல் கம்போடியாவிலிருந்து தன் படைகளையும் மீட்டுக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் பிறகே, 1995 ஜூலை 28-இல், அது ஆசியானில் இடம்பெற்றது. எனவே சேர்க்கை என்பது மாற்றத்தின் விதையன்று, கனியே என்பது தெளிவு.

2. மெலியார்க்குக் கால அவகாசம்

லாவோசும் பர்மாவும் 1997-இல் சேர்ந்தன. கம்போடியாவும் அவற்றோடு சேர்வதாக இருந்தது. ஆயின் அவ்வாண்டு ஜூலையில் நாம்பென் நகரில் மூண்ட மோதலால் அதன் சேர்க்கை 1999 ஏப்ரல் வரை தள்ளிப்போயிற்று.

ஏழை நாடுகளின் அரசுகளுக்குச் சுங்கவரியே பெரிய வருவாய். அதனைத் திடீரெனக் குறைத்தால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் இராது. ஆகவே, வரியை 5 விழுக்காட்டுக்குள் கொணர வியட்நாமுக்கு 2006-உம், லாவோசுக்கும் பர்மாவுக்கும் 2008-உம், கம்போடியாவுக்கு 2010-உம் கெடுவாக வைக்கப்பட்டன. கிடைத்த காலத்தைச் சும்மா கழிக்கலாகாது. வியட்நாமும் கம்போடியாவும் 1999-இல் மதிப்புக் கூட்டு வரியைப் புகுத்தி, வருவாய்க்கு வேறு வழி தேடின.

3. கூட்டுறவின் எல்லை

பொருளாதாரக் கதவு திறந்தால் அரசியல் கதவும் தானே திறக்கும் என்று கருதுவோர் உளர். பர்மாவின் வரலாறு அதனை மறுக்கிறது. படையாட்சியின் கீழேயே அந்நாடு ஆசியானில் சேர்ந்தது. 2011-க்குப் பின் சற்றே வெளிச்சம் பிறந்தது. 2015-இல் தேர்தலும் நடந்தது. ஆயினும் 2021 பிப்ரவரி 1-இல் படையினர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர். பிறர் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமையும், அனைவரின் இசைவோடே முடிவெடுத்தலும் ஆசியானின் நெறிகள். பகைவர்களை ஒரே பந்தியில் அமர்த்திய அந்நெறிகளே, குற்றம் கண்டவிடத்து அதன் கையையும் கட்டிப்போட்டன.

4. நமக்குரிய பாடம்

2010-இல் ஆசியானோடு நம் சரக்கு வாணிப ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2018 குடியரசு நாளில் அதன் பத்து நாட்டுத் தலைவர்களும் தில்லிக்கு விருந்தினராக வந்தனர். ஆனால் மறு ஆண்டு நவம்பரில், ஆசியானை நடுவாகக் கொண்ட விரிந்த வாணிபக் கூட்டில் சேர இந்தியா மறுத்துவிட்டது. மலிவான இறக்குமதியால் நம் பால் உற்பத்தியாளரும் சிறு தொழிலாளரும் நலிவர் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம்.

அவ்வச்சம் வீணானது அன்று. எனினும் விலகி நிற்பது மட்டுமே அதற்கு மருந்தாகாது. வியட்நாமுக்கும் அத்தகைய அச்சம் இல்லாமலில்லை. அது அவகாசம் பெற்று, அந்த அவகாசத்தில் தன் வீட்டைச் செப்பனிட்டது. வெளியே நிற்கும் நாமும் அதே செப்பனிடும் பணியைச் செய்கிறோமா? புராணா கிலாவில் எழுந்த வினா இன்று இவ்வடிவில் நம் முன் நிற்கிறது. பொருளியலும் அரசியலும் பயிலும் மாணவர்கள் சிந்தித்து விடை காண வேண்டுவது இதுவே.