அஞ்சல் எங்கே நின்றது?

“மின்னஞ்சல் போகவில்லை” என்று ஒருவர் முறையிடுவதும், “உடம்பு சரியில்லை” என்று மருத்துவரிடம் சொல்வதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் துன்பம் தெரிகிறது; நோய் தெரியவில்லை. எங்கள் துறையின் கணினிக் கூடத்தில் பழுது பார்ப்போருக்கு நான் துணை செய்து வருகிறேன். அங்கு வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வாக்கியமே. ஆகவே, பழுதைத் தேடும் முறையையும் அதை எடுத்துச் சொல்லும் முறையையும் நம் மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1986-ஆம் ஆண்டில் இந்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘எர்நெட்’ என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. அதில் முதலில் இணைந்த நிறுவனங்களுள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் அடங்கும். அந்நாளில் ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களை ஒப்படைத்தது. இன்று வேகம் பன்மடங்கு பெருகிவிட்டது. ஆனால் கைமாற்றிக் கொடுக்கும் முறை மாறவில்லை. வைஃபை, விடுதியின் சுவிட்ச், வளாகத்தின் ரூட்டர், பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ்., அஞ்சல் சர்வர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாயில். எந்த வாயில் அடைபட்டது என்று காண்பதே நம் வேலை.

அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுதல் நலம். பழுது எனக்கு மட்டுமா, பக்கத்து அறைக்கும் உண்டா? அஞ்சல் மட்டும் நின்றதா, எல்லா இணையப் பக்கங்களும் நின்றனவா? வைஃபையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியின் டேட்டா வழியே அதே அஞ்சலைத் திறக்க முடிகிறதா? திறந்தால் அஞ்சல் நலமே. வளாகத்து வழிதான் கெட்டது.

அடுத்து, கணினியின் ஐ.பி. எண்ணைப் பார்க்க. அது 169.254 என்று தொடங்கினால், வலையமைப்பு எண் தராததால் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். எண் சரியாக இருந்து, 8.8.8.8 என்ற முகவரிக்குப் ‘பிங்’ அனுப்பினால் விடை வந்து, பெயர் இட்டால் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையெனில், டி.என்.எஸ்.ஸை ஐயுறலாம். சில வளாகங்களில் பிங்கையே தடுத்திருப்பார்கள். ஆதலால் விடை வராமையை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

கடிதம் திரும்பி வந்தால் அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைப் படியுங்கள். 4 என்று தொடங்கினால் தடை தற்காலிகமானது. சர்வர் பொதுவாக நான்கைந்து நாள் வரை தானே மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் முடிவான மறுப்பு. முகவரி பிழையா, இணைப்பு மிகப் பெரிதா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

இது வெறும் கணினிப் பாடமன்று. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த நம் நண்பர் ஒருவர், கடைசி நாள் இரவில் வைஃபை வரும் என்று விடியும்வரை காத்திருந்தார். கைப்பேசி மேசைமேல்தான் கிடந்தது. அவருக்கு ஓராண்டு போயிற்று.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு பல்கலைக்கழக அஞ்சலை நிர்வகித்த ட்ரே ஹாரிஸ், தாம் கண்ட பழுதொன்றை 2002-இல் எழுதினார். புள்ளியியல் துறைத் தலைவர் அவரை அழைத்து, “500 மைலுக்கு அப்பால் எங்கள் கடிதம் செல்வதில்லை” என்றாராம். கேட்டால் நகைப்புத் தோன்றும். ஆனால் அத்துறையினர் எந்த ஊருக்குச் சென்றது, எந்த ஊருக்குச் செல்லவில்லை என்று சில நாள் குறித்து வைத்திருந்தனர். சோதித்தால் உண்மையே! சர்வரில் பழைய பதிப்பு மென்பொருள் ஏறியிருந்தது. அமைப்புக் கோப்போ புதிய பதிப்புக்குரியது. அதனால் இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் சுழியமாகிவிட்டது. நடைமுறையில் 3 மில்லிவினாடி கிடைத்தது; அந்நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 900 கிலோமீட்டர், அதாவது 560 மைல் என்று அவர் கணக்கிட்டார். “அஞ்சல் போகவில்லை” என்று மட்டும் அத்தலைவர் சொல்லியிருந்தால், தேடுவதற்கு இந்தப் பிடி கிடைத்திருக்குமா?

ஊரிலிருந்து புதிதாக வரும் நம் மாணவர் பலர், கன்னடமும் ஆங்கிலமும் நாவில் தங்கவில்லையே என்று கணினிப் பிரிவின் வாயிலிலேயே தயங்கி நிற்கின்றனர். அவர்களுக்குச் சொல்வேன்: ஒரு துண்டுத் தாளில் ஐந்து செய்திகளை எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, எந்த அறையில், யார் யாருக்கு, திரையில் வந்த வாசகம் எழுத்துப் பிசகாமல் என்ன, எது மட்டும் வேலை செய்கிறது. மணியும் எண்ணும் எந்த மொழியினருக்கும் விளங்கும். அத்துண்டுத் தாளோடு தலை நிமிர்ந்து உள்ளே செல்லுங்கள்.