சொல்லை மாற்றுவதா, வாக்கியத்தை மாற்றுவதா?

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு 10 சதவீதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது அந்த அளவைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தரவேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அந்தப் பயத்தில் படித்த ஆங்கில வாக்கியங்களை மாற்றி எழுத உட்காருகிறவர்கள், முதலில் தேடுவது இணைச்சொல் அகராதியை. இருக்கும் வழிகளில் மோசமானது அதுதான்.

2021-இல் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், அச்சேறிய கட்டுரைகளிலிருந்தே விசித்திரமான தொடர்களைத் திரட்டிக் காட்டினார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ அவற்றில் ‘கௌன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. வேறு கட்டுரைகளில் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்ற நோய் ‘பூசம் பெரில்’ ஆகியிருந்தது! மாற்றி எழுதித் தரும் மென்பொருளின் கைவரிசையாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. கலைச்சொல்லைத் தொடவே கூடாது. சாதாரணச் சொல்லிலும் கவனம் வேண்டும்: டீக்கடையில் கேட்கும் ‘ஸ்ட்ராங் டீ’யை ‘பவர்ஃபுல் டீ’ என்று எந்த ஆங்கிலேயரும் கேட்பதில்லை. ‘ஸ்லிம்’ பாராட்டு, ‘ஸ்கின்னி’ பெரும்பாலும் குறை.

என் ஓட்டு வாக்கிய அமைப்பை மாற்றுவதற்கே. ‘பிகாஸ்’ இருந்த இடத்தில் ‘ஸோ’ போட்டுக் காரணத்தை முன்னால் கொண்டுவரலாம். ‘ஆல்தோ’வை எடுத்துவிட்டு ‘பட்’ போடலாம் (இரண்டையும் சேர்த்துப் போடுவது நம்மூர்ப் பழக்கம், தவறு). நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். இவற்றில் பொருள் அவ்வளவு எளிதில் கெடாது.

செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவதும் இதே வகைதான். ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கண நூலைப் புரட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஆனால் ‘எவ்ரி ஸ்டூடன்ட் ரெட் டூ புக்ஸ்’ என்றால் ஆளுக்கு ஏதோ இரண்டு புத்தகங்கள். ‘டூ புக்ஸ் வேர் ரெட் பை எவ்ரி ஸ்டூடன்ட்’ என்று புரட்டினால், எல்லாரும் அதே இரண்டு புத்தகங்களைப் படித்ததாகத் தோன்றும். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-லேயே சுட்டிக்காட்டிய சிக்கல் இது. எண்ணோ ‘எவ்ரி’, ‘ஆல்’, ‘நாட்’ போன்ற சொல்லோ இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். யார் செய்தார் என்பது முக்கியமில்லாத ஆய்வுக்கூட விவரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு எழுதுகிறவர்கள் கதை வேறு. கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வில், வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியில் வழியை வினாத்தாளே தீர்மானித்துவிடும்: கொடுத்த சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் முடிக்கவேண்டும். ‘டோன்ட்’ இரண்டு சொல்லாக எண்ணப்படும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் முதல் வரியில் தலைப்புச் சொற்களை அப்படியே விட்டு, வாக்கியத்தின் போக்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஆய்வேட்டுக்கு என்றால் நான் சொல்வது இது: மூலத்தை மூடிவையுங்கள், புரிந்ததைத் தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை மாற்றினாலும் யாருடைய கருத்து என்று குறிப்பிடாவிட்டால் அது திருட்டுதான். சட்டப்பிரிவு, ஒப்பந்த வாசகம் என்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். ‘ஷால்’ இருந்த இடத்தில் ‘மே’ வந்தால் கட்டாயமே விருப்பமாகிவிடும்.